வெயிலில் வைத்த புஷ்பராகம்

டீச்சர் அந்த மோதிரத்தை என் மேசைமேல் வைக்கவில்லை, எறிந்தார். அது கண்ணாடிமேல் உருண்டு, நுண்ணோக்கியின் அடியில் முட்டி நின்றது. கழற்றும்போதே கோபத்தில் இழுத்திருக்க வேண்டும். அவருடைய வலக்கை ஆள்காட்டி விரல் சிவந்திருந்தது. நான் மோதிரத்தை எடுத்துப் பார்த்தேன். நான்கு மாதங்களுக்கு முன்னால் உருக்கிய நெய்யின் நிறத்தில் நான் பார்த்து அனுப்பிய கனக புஷ்பராகம், இப்போது கழுவி வைத்த கண்ணாடித் துண்டு மாதிரி இருந்தது. முழுக்க வெளுத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. தேநீர் குடித்த கோப்பையைக் கழுவாமல் அதில் தண்ணீர் ஊற்றினால் ஒரு சாயல் வருமே, அவ்வளவு மஞ்சள் மிச்சமிருந்தது.

"கல்ல மாத்திட்டாங்க சார்," என்றார் டீச்சர். "உங்க பத்தர்தான். மோதிரத்தப் பெருசு பண்ணக் குடுத்தேன். கல்லையே மாத்திட்டான்."

இது நடந்து பதினான்கு வருடங்கள் ஆகின்றன. எனக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. பெட்டாலிங் ஜெயாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். கல்லை யாரும் மாற்றவில்லை என்பது அன்று காலை பத்து நிமிடத்துக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கடையில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான். நான் அதைச் சொல்லவில்லை. பத்தரைப் பற்றி எழுதுகிறேன் என்று உட்கார்ந்தாலும், இதில் அவர் செய்த குற்றம் எதுவும் வரப்போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடை பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்தது. கீழே நகைகளும் ராசிக்கல் மோதிரங்களும், மேல்மாடியில் பட்டறை. நான் பல்கலைக்கழகத்தில் நிலவியல் படித்தவன். ஈயச் சுரங்க நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்து, ஈயத்தின் விலை படுத்தபோது நானும் வெளியே வந்து, கடைசியில் இந்தக் கடையில் கல் பார்க்க உட்கார்ந்தேன். கடைக்கு வரும் ஒவ்வொரு கல்லையும் நுண்ணோக்கியில் பார்த்து, அதற்குள் இருக்கும் பிறவித் தழும்புகளை ஒரு நோட்டில் படமாக வரைந்துவைப்பது என் பழக்கம். ஊசி மாதிரி, இறகு மாதிரி, சின்னச் சின்னக் குமிழி மாதிரி ஏதாவது ஒன்று எல்லா இயற்கைக் கல்லிலும் இருக்கும். ஒரு கல்லின் தழும்பு இன்னொரு கல்லுக்கு வராது. முதலாளி வாடிக்கையாளர்களிடம் என்னைக் காட்டி, "சார் டிகிரி படிச்சவரு. சார் பாக்காம ஒரு கல்லு வெளிய போகாது," என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஏற்பட்ட பெருமையை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

பத்தர் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். கட்டையான ஆள், பெரிய குரல். என்னை அவர் சார் என்றுதான் கூப்பிடுவார்; ஆனால் அந்தச் சொல்லை இழுத்து, கடைசியில் ஒரு சிரிப்பைத் தடவிக் கொடுப்பார். முதல் வாரத்திலேயே மேலே இருந்து இறங்கி வந்து, நான் நுண்ணோக்கியில் குனிந்திருப்பதை இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "பாத்துக்கிட்டே இருந்தா கல்லு குட்டி போடுமா சார்?" என்று கேட்டார். கவுண்டரில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவரை எனக்குப் பிடிக்கவில்லை.

நானும் சும்மா இருந்துவிடவில்லை. கல் பதித்த மோதிரத்தைப் பெரிதாக்க வேண்டுமென்றால் அடிப்பக்கத்தை அறுத்து, துண்டு தங்கம் வைத்து, நெருப்பால் ஊதிப் பற்றவைக்க வேண்டும். அந்தச் சூடு கல்லுக்கு ஏறக்கூடாது. பத்தர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பாதி உருளைக்கிழங்கை எடுத்து, மோதிரத்தின் கல் பக்கத்தை அதற்குள் அழுத்திச் செருகிவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அடிப்பக்கத்தில் ஊதுவார். கிழங்கின் ஈரம் கல்லைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளும். நல்ல வழி. அது நல்ல வழி என்று தெரிந்தே நான் கிண்டல் செய்தேன். "என்ன பத்தரே, இன்னைக்குக் குருமாவா, பொரியலா?" என்று படிக்கட்டின் அடியிலிருந்து கத்துவேன். "நீங்க மசாலா போட்டு எறக்கிக்கங்க சார், கல்லு என்கிட்ட பத்திரமா இருக்கும்," என்று மேலே இருந்து பதில் வரும். இப்படியே இரண்டு வருடம். வெளியாட்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். எங்கள் இருவருக்கும் அது வேடிக்கை இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

பிறகு மரகதம் நரைத்தது. மரகதம் பெரும்பாலும் விரிசலோடுதான் பிறக்கும். வியாபாரிகள் அதை எண்ணெயில் ஊறப்போடுவார்கள். எண்ணெய் விரிசலுக்குள் இறங்கினால் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. இதெல்லாம் நான் பாடமாகப் படித்தது. அப்படியிருந்தும், கண்ணாடிப் பெட்டிக்குள் ஹேலஜன் விளக்குகள் போடச் சொன்னவன் நான்தான். பச்சை எடுப்பாகத் தெரியும் என்று முதலாளியிடம் வாதாடிப் போடவைத்தேன். நாள் முழுக்க எரிந்த அந்த விளக்குகளின் சூட்டில் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்தது. ஒரு நாள் காலையில் பெட்டியைத் திறந்த முதலாளி, "என்னா சார் இது, மரகதத்துக்கு நரை வந்துருச்சு?" என்று கேட்டார். பதினோரு கற்களில் வெள்ளை வெள்ளையாக மயிரிழைகள்.

பத்தரைக் கீழே கூப்பிட்டார்கள். அவர் ஒரு கல்லை விரல்நுனியில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவசரமே படவில்லை. "முதலாளி, இருபத்தஞ்சு வருஷமா நெருப்புலதான் வேல பாக்குறேன். என் நெருப்புல ஒரு கல்லு கெட்டதில்ல. சாரு வெளிச்சம் காட்டியே கொன்னுட்டாரு," என்றார்.

கடை முழுக்கச் சிரித்தது. தேநீர் கொண்டுவந்தவர்கூடச் சிரித்தார். அன்றிலிருந்து என் பெயர் ஹேலஜன் சார். கற்களைத் திரும்ப எண்ணெயில் போட்டுச் சரிசெய்துவிட்டோம். என்னைச் சரிசெய்ய எதுவும் இல்லை. அவர் சொன்னது சரி என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

கல் என்றால் மாறாதது என்று மக்கள் நினைக்கிறார்கள். நகைக் கடைக்காரர்கள் அதை நம்பவைத்துத்தான் பிழைக்கிறோம். உண்மையில் நிறக் கற்களில் பல, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் கட்டுப்பட்டவை. ஊதா நிறச் செவ்வந்திக் கல்லை அடுப்பில் சுட்டால் மஞ்சளாகிவிடும். பிறகு அதை வேறு பெயரில் விற்பார்கள். மங்கலான மாணிக்கத்தையும் நீலத்தையும் உலையில் வைத்து எடுத்தால் தெளிந்து வரும். அந்த மாற்றம் நிலையானது, அதில் பெரிய மோசம் இல்லை. ஆனால் வெளிறிய புஷ்பராகத்துக்குக் கதிர்வீச்சால் மஞ்சள் ஏற்றுகிறார்களே, அது வேறு. கதிர்வீச்சு கல்லுக்குள் இருக்கும் எலக்ட்ரான்களை அவற்றின் இடத்திலிருந்து தள்ளி வேறு பள்ளங்களில் மாட்டிவைக்கிறது. அவை அங்கே மாட்டியிருக்கும்வரை கல் மஞ்சள். வெயில் பட்டால் அந்த வெளிச்சமே அவற்றுக்கு ஒரு உந்துதல் கொடுத்து, பழைய இடத்துக்கு அனுப்பிவிடும். நிறம் போய்விடும். சில கற்களுக்குச் சில மணி நேரம் போதும். சிலவற்றுக்குச் சில நாள். கல்லின் கனமோ வடிவமோ உள்ளே இருக்கும் தழும்போ ஒரு துளியும் மாறாது. நிறம் மட்டும் போகும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. வந்த கற்களில் பாதியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மீதியை இரண்டு மூன்று நாள் வெயிலில் வைக்க வேண்டும். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். டீச்சர் வாங்கிய கல் வந்த கட்டுக்கு நான் அதைச் செய்யவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம், விடாத மழை. "வெயில் வரட்டும் முதலாளி, ரெண்டு நாள் காய வச்சுப் பாத்துட்டு விக்கலாம்," என்றேன். "வெயில் வந்தாத்தான் விப்பீங்களா? இது என்னா மோர் மிளகாயா சார்? கையெழுத்துப் போடுங்க லா," என்றார் அவர். நான் ஒவ்வொரு கல்லையும் நுண்ணோக்கியில் பார்த்தேன், நோட்டில் படம் வரைந்தேன், இயற்கை நிறம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

டீச்சர் கிள்ளானில் இருந்தவர். தமிழ்ப்பள்ளியில் முப்பது வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். மகளுக்கு முப்பத்திரண்டு வயதாகியும் கல்யாணம் கூடவில்லை. வீட்டில் குரு பலம் இல்லை, தாயார் கனக புஷ்பராகம் போட வேண்டும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். மோதிரம் முதலிலிருந்தே கொஞ்சம் இறுக்கம். அதனால் வியாழக்கிழமை மட்டும் போட்டுக்கொண்டு, மற்ற நாட்களில் சாமி அறையில் டப்பாவுக்குள் வைத்திருந்தார். மாசி மாதத்தில் அதைப் பெரிதாக்கக் கொண்டுவந்தார். பத்தர் தம் உருளைக்கிழங்கை வைத்து அரைமணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். வாங்கிப் போகும்போது கல் மஞ்சளாகத்தான் இருந்தது. அதை நானே பார்த்தேன்.

மோதிரம் கோபத்தோடு திரும்பி வந்த அன்று நான் அவரைக் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்குக் கொண்டுபோயி என்ன பண்ணீங்க டீச்சர்?"

அவர் ஒளிக்காமல் சொன்னார். நெருப்புப் பட்ட மோதிரத்தை அப்படியே போடக்கூடாது, தோஷம் என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார். பாலில் கழுவி, பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் அரிசி பரப்பி, அதன்மேல் மோதிரத்தை வைத்து, ஒன்பது நாள் சூரியனுக்குக் காட்டச் சொல்லியிருக்கிறார். டீச்சர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. மாடியில் துணி காயப்போடும் இடத்தில் காலை ஏழு மணிக்கு வைத்துவிட்டு, பிற்பகல் மழை கறுக்கும்போது எடுப்பாராம். ஒன்பது நாளும். ராசிக்கல் மோதிரத்தில் கல்லின் அடி விரலில் படுவதற்காகத் திறந்திருக்கும். அரிசியின் மஞ்சள் அந்த வழியாகக் கல்லுக்குள் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறது. கல் வெளுத்தது அவருக்குத் தெரியவில்லை. பத்தாவது நாள் எடுத்துக் கழுவி விரலில் போட்ட பிறகுதான் பார்த்திருக்கிறார். மேலே சாயம் பூசிய போலிக் கல்லைப் பத்தர் வைத்துவிட்டான், கழுவியதும் சாயம் போய்விட்டது என்று முடிவு செய்திருக்கிறார்.

நான் மோதிரத்தை நுண்ணோக்கியில் வைத்தேன். கொக்கி மாதிரி வளைந்த ஒரு ரேகை; அதன் நுனியில் மூன்று புள்ளிகள். மேசை இழுப்பறையை என் வயிற்றில் முட்டும் அளவுக்கு மட்டும் திறந்து, நோட்டைப் புரட்டினேன். அதே கொக்கி. அதே மூன்று புள்ளிகள். நான் வரைந்தது. இழுப்பறையை மூடினேன்.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை நேர்மையாக எழுத வேண்டும். உண்மையைச் சொன்னால் சோதிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான் என்பது வெளியே வரும் என்று பயந்தேன். அது உண்மை. ஆனால் அந்தப் பயம் மட்டும் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். வியாபாரி ஏமாற்றிவிட்டான் என்று சொல்லித் தப்பியிருக்கலாம், முதலாளியும் அவசரப்படுத்தியது தாம்தான் என்று வாயை மூடியிருப்பார். என்னை நிறுத்தியது அது இல்லை. மேலே பட்டறையில் பத்தர் ஏதோ சொல்லிச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

முதலாளி அவரைக் கீழே கூப்பிட்டார். "என்னா பத்தரே இது? டீச்சர் பொய்யா சொல்றாங்க?"

பத்தர் மோதிரத்தை வாங்கிப் பார்த்தார். அவருக்கு முதலில் புரியவில்லை. "நான் கல்லுல கையே வைக்கல முதலாளி. கல்லப் பிடிக்கிற கவ்வு நாலும் அப்படியே இருக்கு, பாருங்க. கல்லக் கழட்டுனா இதுல கீறல் விழும்," என்றார். அவர் காட்டிய நான்கு கவ்விலும் கீறல் இல்லை. முதலாளி என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார்."

"நான் பாத்து அனுப்புன கல்லு மஞ்சள். இது மஞ்சள் இல்ல," என்றேன்.

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதை நினைத்து நினைத்து நான் பல வருடம் படுத்திருக்கிறேன். ஆனால் அதோடு முடியவில்லை. பத்தர் என் மேசைக்கு வந்தார். முதல்முறையாக இழுக்காமல் சார் என்று கூப்பிட்டார்.

"சார், நோட்டைத் தொறங்க. எல்லாக் கல்லுக்கும் படம் போட்டு வச்சிருக்கீங்கல்ல. இந்தக் கல்லோட படத்தப் பாருங்க. அதுவா இதுவான்னு தெரிஞ்சுருமே."

இரண்டு வருடமாக அந்த நோட்டைச் சமையல் குறிப்பு என்று கேலி செய்தவர். இப்போது அதை நம்பி வந்து நிற்கிறார். என் முழங்கை இழுப்பறைமேல் இருந்தது.

"அந்தக் கட்டுக்குப் படம் போடல பத்தரே. தீபாவளி அவசரம்."

"எல்லாத்துக்கும் போடுவீங்களே சார்."

"இதுக்குப் போடல."

அவர் என் முகத்தையே பார்த்தார். அங்கே என்ன தேடினார் என்று தெரியவில்லை. நான் லென்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

போலீசுக்குப் போனால் கடைக்குத்தான் சூசா, வீண் தொல்லை என்று முதலாளி டீச்சரைச் சமாதானப்படுத்தினார். டீச்சருக்கு வேறு கல். பத்தருடைய பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்புவது. இதுதான் தீர்ப்பு. அதற்கு முன்னால் அவர் தங்கியிருந்த அறையைச் சோதனை போட்டார்கள். பெட்டியைத் தரையில் கவிழ்த்தார்கள். மைலோ டின் இரண்டு, பெண்பிள்ளைக்கு வாங்கிய பூப்போட்ட குடை ஒன்று, மனைவிக்கு ஒரு கைக்கடிகாரம், சலவை செய்த சட்டைகள். பத்தர் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அடுக்கினார். யாரும் உதவவில்லை. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நிற்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. பார்க்க வேண்டும் என்று போயிருந்தேன்.

விமான நிலையத்துக்கு வேன் வந்த அன்று பிற்பகல் அவர் என் மேசைக்கு வந்தார். அடிப்பார் என்று நினைத்து நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். அவர் அடிக்கவில்லை. "உங்க கண்ணு நல்லா இருக்கட்டும் சார். எல்லாத்தையும் நல்லாப் பாத்துக்கிட்டே இருங்க," என்றார். கவுண்டர் பெண்களுக்கு அது வாழ்த்தாகத்தான் கேட்டிருக்கும்.

அன்று கடை விட்டதும் நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். நான்காக மடித்து, மோனோரயில் நிலையத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். ரயில் வரும்வரை அந்தத் தொட்டியின் பக்கத்திலேயே நின்றேன், யாராவது எடுத்துவிடுவார்கள் என்பது மாதிரி.

அடுத்த ஆவணியில் டீச்சரின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. புதுக் கல் வேலை செய்துவிட்டது என்று டீச்சர் கடைக்கே வந்து எனக்குப் பத்திரிகை வைத்தார். "நீங்க அன்னைக்கு உண்மையச் சொல்லலன்னா அந்தப் போலியத்தான் போட்டுக்கிட்டு இருந்திருப்பேன் சார்," என்றார். நான் கிள்ளானுக்குப் போய், மண்டபத்தில் உட்கார்ந்து, இலையில் பரிமாறியதையெல்லாம் சாப்பிட்டேன். டீச்சர் இறந்து ஆறு வருடமாகிறது. அவரிடமும் நான் சொல்லவில்லை. கடையும் இப்போது இல்லை. அந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள்.

இந்த வருடம் மகள் துணி எடுக்க வேண்டும் என்று என்னைக் கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிப் போனாள். அவள் கடைக்குள் இருக்கும்போது நான் வெளியே நடந்தேன். அங்கே ஒரு நகைக் கடையில், வேலை செய்வதை வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று பத்தரை முன்பக்கத்தில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்திருந்தார்கள். அவரேதான். தலை வெளுத்திருந்தது, தோள் குறுகியிருந்தது. பாதி உருளைக்கிழங்கு மட்டும் அதே மாதிரி அவர் முன்னால் இருந்தது. நான் திரும்பி நடந்துவிட்டேன். பத்து நாள் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு தனியாக ரயிலேறிப் போனேன். அந்த நடைபாதையின் எதிர்ப்பக்கம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். அடுத்த முறைதான் கதவைத் தள்ளினேன்.

"யாரு, ஹேலஜன் சாரா?" என்றார். தலை நிமிரவில்லை. "வேற முதலாளி, வேற பெர்மிட்டு. இங்கயும் யாரையாச்சும் அனுப்பணுமா?"

"ஒரு விஷயம் சொல்லணும் பத்தரே."

"சொல்லுங்க. காது சும்மாதான் இருக்கு."

நின்றபடியே சொன்னேன். மழை, சோதிக்காத கல், ஒன்பது நாள் வெயில், நோட்டில் இருந்த படம், கிழித்த பக்கம். அவர் ஒரு வளையத்தைப் பற்றவைத்துக்கொண்டே கேட்டார். நெருப்பு ஒரு தடவைகூட நடுங்கவில்லை. முடித்ததும், "மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன்," என்றேன்.

"என்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா?"

நெருப்பை அணைத்தார். ஊருக்குப் போன இரண்டாம் வருடமே திருச்சியில் ஒரு கல் வியாபாரி, வெயிலில் வெளுக்கும் புஷ்பராகத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். "கேட்ட ஒடனே புரிஞ்சுபோச்சு. அவனுக்கே தெரியுது, டிகிரி படிச்ச சாருக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்னு." அவர் என்னை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "நான் ஊர்ல எறங்குன அன்னைக்கு என் வீட்டுக்காரி ஒரே ஒரு கேள்வி கேட்டா. நெசமாவே எடுக்கலயான்னு. இல்லன்னேன். அப்புறம் கேக்கவே இல்ல. பதினாலு வருஷமா கேக்காம இருக்கா பாருங்க, அதச் சொல்றேன். வெயில்ல கல்லு வெளுக்கும்னு சொன்னேன். சரிங்கன்னா. மழையில வீடு கரையும்னு சொன்னாலும் அப்படித்தான் சரிங்கம்பா."

கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தினார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் திரையில் ஒரு பெண்ணின் முகம் வந்துவிட்டது. பின்னால் அடுப்பும் ஆவியும். ஊரில் அப்போது காலை எட்டு மணி இருக்கும்.

"இந்தா, அந்தக் கடை சாரு. சொல்லுவாரு, கேளு," என்று என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

நான் ஆரம்பித்தேன். "அம்மா, சில கற்களுக்குக் கதிர்வீச்சு மூலமா நிறம் ஏத்துவாங்க..."

"பாடம் எடுக்காதீங்க சார்," என்றார் பத்தர். "எடுத்தனா, எடுக்கலயா? அதச் சொல்லுங்க."

"எடுக்கலம்மா. உங்க வீட்டுக்காரர் எதையும் எடுக்கல. கல்லு வெயில்ல வெளுத்துப்போச்சு. அது எனக்கு அன்னைக்கே தெரியும்."

அந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். "அன்னைக்கேவா?"

"ஆமா."

"பின்ன ஏன் சொல்லல?"

இந்தக் கேள்விக்குப் பதினான்கு வருடமாக நான் பதில் தயாரித்திருந்தேன். மழையைச் சொல்லலாம், முதலாளியின் அவசரத்தைச் சொல்லலாம், என் வேலை போயிருக்கும் என்று சொல்லலாம். கண்ணாடிக்கு வெளியே நின்று யாரோ ஒரு குடும்பம் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கு இவரப் பிடிக்கலம்மா," என்றேன். "அவ்வளவுதான்."

திரையில் முகம் அசையவில்லை. இணைப்பு நின்றுவிட்டதோ என்றுகூட நினைத்தேன். பின்னால் ஆவி வந்துகொண்டிருந்தது. பிறகு அந்த அம்மாள் என்னை விட்டுவிட்டு, திரையில் தெரியாத இடத்தில் நின்ற கணவரைத் தேடுவது மாதிரி கண்ணைத் திருப்பினார்.

"அந்த ஆள வெளிய போகச் சொல்லுங்க. நீங்க போன வைக்காதீங்க. என்கூடப் பேசுங்க."

பத்தர் கதவைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் வெளியே வந்து நடைபாதையில் நின்றேன். கண்ணாடிக்குள் அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தெருவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். உள்ளே பேசுவது எனக்குக் கேட்கவில்லை. அவர் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஒருமுறை திரும்பியவர், நான் இன்னும் நிற்பதைப் பார்த்தார். காக்கையை விரட்டுவது மாதிரி கையை வீசினார்.

நான் போனேன்.